தொலைவும் மரபும்: பசிபிக் தீவுகளின் கடல்சார் நினைவுச்சின்னப் பெயர்மாற்றம் குறித்த ஒரு திறனாய்வு

ஆய்வுச்சுருக்கம்

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் ஆளுகைக்கு உட்பட்ட ஏழு பசிபிக் தீவுகளையும் அவற்றைச் சூழ்ந்த கடற்பரப்பையும் உள்ளடக்கிய ‘பசிபிக் தொலைதூரத் தீவுகள் தேசியக் கடல்சார் நினைவுச்சின்னம்’ 2025 ஜனவரியில் ‘பசிபிக் தீவுகள் மரபுத் தேசியக் கடல்சார் நினைவுச்சின்னம்’ எனப் பெயர் மாற்றப்பட்டது. அதன் எல்லையை விரிக்கும் முன்மொழிவும் இப்பெயர்மாற்ற முயற்சியோடு சேர்ந்தே எழுந்தது. தமிழ் இலக்கணம் வகுத்த இடுகுறி, காரணம், பொது, சிறப்பு என்னும் பெயர்ப் பாகுபாட்டைக் கருவியாகக் கொண்டு இவ்விரு பெயர்களையும் இக்கட்டுரை ஆராய்கிறது. 2007-இல் பெயர் மாற்றப்பட்ட பாப்பஹானௌமொக்குவாக்கேயா ஒப்பீட்டுக்கு எடுத்துக்கொள்ளப்படுகிறது. முடிவெடுக்கும் உரிமை ஒரு மக்களிடம் சேராதவிடத்து, அவர்களைச் சிறப்பிக்கும் பெயர் காப்பாக அமைவதில்லை என்பது இக்கட்டுரையின் கருதுகோள்.

திறவுச்சொற்கள்: இடப்பெயராய்வு, காரணப்பெயர், கடல்சார் மரபு, பசிபிக் தீவுகள், பாப்பஹானௌமொக்குவாக்கேயா, எல்லை விரிவாக்கம்.

முன்னுரை

ஊர்ப்பெயர்களில் வரலாற்றைத் தேடும் மரபு தமிழாய்வுக்குப் புதிதன்று. ரா.பி. சேதுப்பிள்ளையின் ‘ஊரும் பேரும்’ தொடங்கி இடப்பெயராய்வு தமிழில் தனித்துறையாகவே வளர்ந்துள்ளது. அவ்வாய்வுகள் பெரும்பாலும் நிலத்தையே களமாகக் கொண்டன. கடற்பரப்புக்குப் பெயரிடும் வழக்கம், அதிலும் ஓர் அரசு பாதுகாப்பின் பொருட்டுக் கடலுக்கு இடும் பெயர், அவ்வளவாக ஆராயப்படவில்லை. கடலில் வேலியில்லை, எல்லைக்கல்லும் இல்லை. பெயரும் வரைபடக் கோடுமே அங்கே எல்லையை உண்டாக்குகின்றன. ஆதலின் கடற்பரப்பின் பெயரை ஆராய்வது அதன் உரிமையை ஆராய்வதாகவும் ஆகிறது.

ஜார்விஸ், ஹவ்லாண்ட், பேக்கர், வேக், ஜான்ஸ்டன், பால்மைரா, கிங்மன் திட்டு ஆகிய ஏழும் இக்கட்டுரையின் களம். 2009 ஜனவரியில் குடியரசுத் தலைவர் ஜார்ஜ் புஷ், 1906-ஆம் ஆண்டின் தொல்பொருட் சட்டத்தைப் பயன்படுத்தி இவற்றைத் தேசியக் கடல்சார் நினைவுச்சின்னமாகப் பிரகடனம் செய்தார். அப்போதைய பரப்பு ஏறத்தாழ 87,000 சதுர மைல். 2014 செப்டம்பரில் பராக் ஒபாமா அதனை ஏறத்தாழ 4,90,000 சதுர மைலாக விரித்தார். 2023 மார்ச்சில் ஜோ பைடன் பிறப்பித்த ஆணை இரண்டு பணிகளைச் சுட்டியது. எஞ்சிய கடற்பரப்பையும் சேர்த்து ஏறத்தாழ 7,70,000 சதுர மைல் அளவில் தேசியக் கடற்காப்பகம் ஒன்றை உருவாக்கக் கருதுவது முதலாவது. ஹவாய்ப் பூர்வகுடியினரையும் பசிபிக் தீவு மக்களையும் கலந்து நினைவுச்சின்னத்துக்கும், இயலுமாயின் தீவுகளுக்கும், பொருத்தமான பெயர் காண்பது இரண்டாவது. இவ்விரண்டும் ஒரே ஆணையில் இணைந்து வந்தமை நோக்கத்தக்கது.

பெயர்ப் பாகுபாடு என்னும் கருவி

நன்னூல் பெயர்ச்சொற்களை இடுகுறி என்றும் காரணம் என்றும் பகுத்து, அவை ஒவ்வொன்றையும் பொது, சிறப்பு என மேலும் பகுக்கிறது. பறப்பன யாவற்றுக்கும் வரும் ‘பறவை’ காரணப் பொதுப்பெயர். பறவைகளுள் ஒன்றனை மட்டும் குறிக்கும் ‘மரங்கொத்தி’ காரணச் சிறப்புப்பெயர். இவ்விரு எடுத்துக்காட்டுகளிலும் பெயருக்குரிய காரணம் பெயரிடப்பட்ட பொருளிடத்தே இருக்கிறது. பறத்தல் பறவையின் தொழில். மரத்தைக் கொத்துதல் அப்பறவையின் தொழில்.

இடப்பெயர்களை இக்கருவி கொண்டு நோக்கும்போது ஒரு வினாவைக் கூடுதலாக எழுப்ப வேண்டியுள்ளது. பெயருக்குரிய காரணம் இடத்திலே இருக்கிறதா, பெயரிட்டவரிடத்திலே இருக்கிறதா? இவ்வேழு தீவுகளின் வழக்குப் பெயர்களே இவ்வினாவின் தேவையை உணர்த்துகின்றன. ஜார்விஸ் என்பது 1821-இல் அத்தீவைக் கண்ட கப்பலின் உடைமையாளர் குடும்பப் பெயர். பால்மைரா என்பது 1802-இல் அங்கே சிதைந்த கப்பலின் பெயர். ஜான்ஸ்டன், கிங்மன் ஆகியவை கப்பல் தலைவர்களின் பெயர்கள். இவை யாவும் காரணப்பெயர்களே. ஆயினும் காரணம் தீவில் இல்லை. அவ்வழியே கடந்துசென்ற கப்பலில் இருக்கிறது. தீவை நோக்கும்போது இப்பெயர்கள் இடுகுறிகளாகவே எஞ்சுகின்றன.

‘தொலைதூரம்’: அளப்பவர் நிற்கும் இடம்

‘தொலைதூரத் தீவுகள்’ என்னும் தொகுப்புப் பெயரும் இவ்வகையினதே. தொலைவு ஒரு பொருளின் பண்பு ஆகாது. இரு புள்ளிகளுக்கு இடைப்பட்ட உறவு. பெயரில் ஒரு புள்ளி மட்டுமே கூறப்படுகிறது. மற்றைய புள்ளி எதுவென்று சொல்லப்படாமையால் அது இயல்பான நடுவிடமாகக் கொள்ளப்படுகிறது. வாஷிங்டனிலிருந்து நோக்குவார்க்கு ஜார்விஸ் தொலைதூரம். ஏறத்தாழ 400 கிலோமீட்டர் அப்பால் கிரிபாட்டி நாட்டின் கிரிடிமாட்டித் தீவில் வாழ்வார்க்கு அது அண்டைத் தீவு. புவியியல் நோக்கில் ஜார்விஸும் பால்மைராவும் கிரிபாட்டித் தீவுகளோடு ஒரே தீவுத்தொடரைச் சார்ந்தவை.

பசிபிக் கடலோடிகளின் அறிவு மரபிலும் தீவு தன் கரையோடு முடிவதில்லை. காலையில் கடலுக்குச் சென்று மாலையில் கூடு திரும்பும் பறவைகளின் வழித்தடம், நிலத்தின் மேல் தங்கும் முகில், அலையின் திசைமாற்றம் ஆகியவற்றால் தீவின் இருப்பு அதன் கரைக்கு அப்பால் நெடுந்தூரம் பரவுகிறது. மைக்ரோனேசியாவின் சடவல் தீவினரான மௌ பியாய்லுக், 1976-இல் ஹோக்குலேயா என்னும் இரட்டைத் தோணியை நவீனக் கருவி எதுவுமின்றி ஹவாயிலிருந்து தஹிடிக்கு வழிநடத்தியதும் இவ்வறிவின் துணைகொண்டே. இம்மரபில் வந்தவர்க்குக் கடல் இணைக்கும் வழி. ‘தொலைதூரம்’ என்னும் பெயரில் அது பிரிக்கும் வெளியாகிவிடுகிறது.

இப்பெயர் வெறும் புவியியற் குறிப்பாக நின்றிருந்தால் அதனை விட்டுவிடலாம். தொலைவு என்னும் கருத்து இத்தீவுகளின் வரலாற்றில் செயலாகவும் விளைந்திருக்கிறது. மூன்று நிகழ்வுகளை இங்குச் சுட்டலாம்.

முதலாவது, 1856-ஆம் ஆண்டின் குவானோ தீவுகள் சட்டம். வேற்று அரசின் ஆளுகையிலோ வேற்று நாட்டுக் குடிகளின் அனுபோகத்திலோ இல்லாத தீவில் பறவை எச்ச உரத்தைக் காணும் அமெரிக்கக் குடிமகன், தன் நாட்டின் பெயரால் அத்தீவை உரிமை கொண்டாட அது வழிவகுத்தது. ஜார்விஸ், ஹவ்லாண்ட், பேக்கர் ஆகியவை இவ்வழியே உரிமை கோரப்பட்டவை. நிலையான குடியிருப்பு இல்லாமையே இங்கு உரிமை இல்லாமைக்குச் சான்றாகக் கொள்ளப்பட்டது.

இரண்டாவது, 1935 முதல் 1942 வரை நடந்த குடியேற்றம். நிலநடுக்கோட்டுத் தீவுகளின் மீதான அமெரிக்க உரிமையை நிலைநாட்டும் பொருட்டு 130-க்கும் மேற்பட்ட இளைஞர்கள் அணி அணியாக அனுப்பப்பட்டனர். அவர்களுள் பெரும்பாலோர் ஹவாய்ப் பூர்வகுடியினர். வானிலையைக் குறிப்பதும் பறவைகளையும் மீன்களையும் பதிவு செய்வதும் அவர்தம் பணியாயின. 1941 டிசம்பரில் ஜப்பானிய வான்தாக்குதலில் ஹவ்லாண்டில் இருவர் உயிரிழந்தனர். எஞ்சியோர் மீட்கப்பட்டது 1942-இன் தொடக்கத்தில். ‘ஹுய் பனலாஅவு’ என நினைவுகூரப்படும் இவ்விளைஞர்கள் அங்கே வாழ்ந்ததே அரசின் உரிமைக்கோரலுக்கு ஆதாரமாயிற்று. அவர்கள் வாழ்ந்த தீவுகளுக்கு 2009-இல் ‘தொலைதூரம்’ என்னும் பெயரே சூட்டப்பட்டது.

மூன்றாவது, ஜான்ஸ்டன் திட்டில் நடந்த சோதனைகள். 1958-இலும் 1962-இலும் அங்கிருந்து உயர்வான அணுவெடிப்புச் சோதனைகள் நிகழ்த்தப்பட்டன. பின்னர் 1990 முதல் 2000 வரை வேதியியல் படைக்கலங்கள் அங்கே எரித்தழிக்கப்பட்டன. மக்களிடமிருந்து விலகிய இடம் என்பதே இத்தெரிவுகளின் உட்கிடை. ஆயினும் 1962 ஜூலையில் வான்வெளியில் நடந்த ‘ஸ்டார்ஃபிஷ் பிரைம்’ வெடிப்பின் மின்காந்த விளைவால், 1,300 கிலோமீட்டருக்கும் அப்பாலுள்ள ஓவாஹுத் தீவில் தெருவிளக்குகள் சில அணைந்தன. தொலைவு என்று கருதப்பட்டது தொலைவாக இல்லை என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

முன்சான்று: பாப்பஹானௌமொக்குவாக்கேயா

‘தொலைதூரம்’ என்னும் சொல்லை நீக்கியது முறையே என்பது இதுகாறும் கூறியவற்றால் பெறப்படும். அதனிடத்தில் வந்த சொல்லை மதிப்பிட, அதே கடலில், அதே சட்டத்தின் கீழ் முன்னரே நிகழ்ந்த ஒரு பெயர்மாற்றத்தை நோக்குதல் வேண்டும்.

2006 ஜூன் 15-இல் ‘வடமேற்கு ஹவாய்த் தீவுகள் தேசியக் கடல்சார் நினைவுச்சின்னம்’ நிறுவப்பட்டது. அடுத்த ஆண்டே அது பாப்பஹானௌமொக்குவாக்கேயா எனப் பெயர் பெற்றது. தீவுகளை ஈன்ற நிலத்தாயாகிய பாப்பஹானௌமொக்குவும், வானத்தந்தையாகிய வாக்கேயாவும் இப்பெயரில் இணைகின்றனர். ஹவாய்த் தோற்றப் புராணத்தில் தீவுகளும் மக்களும் இவ்விருவரின் வழித்தோன்றல்களே. தீவுக்கூட்டத்தின் நடுவே உள்ள மொக்குமனமனாவில் 33 வழிபாட்டு மேடைகள் காணப்படுகின்றன. ஒளியுலகாகிய ‘ஆவோ’வுக்கும் மூதாதையர் உறையும் இருளுலகாகிய ‘போ’வுக்கும் இடைப்பட்ட வாயிலாக அத்தீவு கருதப்படுகிறது. 2010-இல் யுனெஸ்கோ இப்பரப்பை இயற்கை, பண்பாடு ஆகிய இருவகைச் சிறப்பும் உடைய உலக மரபிடமாக ஏற்றது.

நன்னூற் பாகுபாட்டின்படி இது காரணச் சிறப்புப்பெயர். இதன் காரணம் இடத்தோடும் இடத்துக்குரிய மக்களோடும் ஒன்றியது. வேறோர் இடத்துக்கு இப்பெயரைப் பெயர்த்துச் சூட்ட இயலாது. இப்பெயர் பிறர் வரலாற்றை மறைக்கவும் இல்லை. 1823-இல் அங்கே மூழ்கிய ‘டூ பிரதர்ஸ்’ என்னும் திமிங்கில வேட்டைக் கப்பலின் எச்சங்களும், 1942-இன் மிட்வே போர்க்களமும் அதே பெயரின் கீழ்ப் பேணப்படுகின்றன.

பெயரைத் தொடர்ந்து நிகழ்ந்தவையே இங்கு முதன்மையாகக் கருதத்தக்கவை. 2016 ஆகஸ்டில் நினைவுச்சின்னம் 1,39,797 சதுர மைலிலிருந்து 5,82,578 சதுர மைலாக விரிந்தது. 2017 ஜனவரியில் ஹவாய் மக்கள் விவகார அலுவலகம், கூட்டரசின் இரு துறைகளோடும் ஹவாய் மாநில அரசோடும் நான்காம் இணை அறங்காவலராக இடம்பெற்றது. ஹவாய் அறிவு மரபை மேலாண்மைக்கு அடிப்படையாகக் கொள்ளும் ‘மை கா போ மை’ என்னும் வழிகாட்டி 2021-இல் வெளிவந்தது. பெயரிலிருந்து பொறுப்புக்கும், பொறுப்பிலிருந்து நடைமுறைக்கும் ஒரு வழி இங்குப் புலனாகிறது. அவ்வழியைக் கடக்கப் பத்தாண்டுகள் தேவைப்பட்டன என்பதையும் மறத்தலாகாது.

‘மரபு’: பொதுப்பெயரின் வரம்பு

2025 ஜனவரியில் சூட்டப்பட்ட ‘பசிபிக் தீவுகள் மரபு’ என்பது காரணப் பொதுப்பெயர். தொலைவைக் கூறும் பெயரினும் இது மேலானது என்பதில் ஐயமில்லை. காரணம் அளப்பவரிடமிருந்து தீவுகளை நோக்கி நகர்ந்திருக்கிறது. ஆயினும் எவர் மரபு என்னும் வினாவுக்கு இப்பெயரில் விடையில்லை. பசிபிக்கில் மரபு இல்லாத தீவு எது? பறப்பன யாவும் பறவையாவது போல, பசிபிக் தீவுகள் யாவும் மரபுத் தீவுகளே.

பொதுமையைத் தேர்ந்ததற்கு நியாயம் உண்டு. பாப்பஹானௌமொக்குவாக்கேயா ஒரே மக்களின் நினைவுப் பரப்பு. இவ்வேழு தீவுகளோ பல மக்களின் வழித்தடங்கள் சந்திக்கும் இடங்கள். வேக் தீவை மார்ஷல் தீவு மக்கள் ‘ஆனென் கியோ’ என்பர். ‘கியோ’ ஒரு செம்மஞ்சள் மலரின் பெயர். அத்தீவின் மீது மார்ஷல் தீவுகள் குடியரசு இன்றும் உரிமை கோருகிறது. ஜான்ஸ்டன் திட்டுக்கு ஹவாய் மொழியில் ‘கலாமா’ என்னும் பெயர் வழங்குகிறது. ஏழையும் தழுவும் ஒரு பெயரை இவற்றுள் ஒரு மொழியிலிருந்து எடுத்தால் ஏனைய மொழியினர் விடுபடுவர். பொதுப்பெயர் இச்சிக்கலைத் தவிர்க்கிறது, ஆனால் தீர்க்கவில்லை. தொகுப்புக்குப் பொதுப்பெயரும் தீவுகளுக்குத் தனித்தனிச் சிறப்புப்பெயரும் வழங்கியிருத்தல் கூடும். 2023-ஆம் ஆண்டு ஆணை அதற்கு இடமும் அளித்திருந்தது. மாறியது தொகுப்பின் பெயர் மட்டுமே. ஆனென் கியோ இன்னும் வேக். கலாமா இன்னும் ஜான்ஸ்டன்.

மரபு என்னும் சொல் தீவு மக்களிடையே ஒருமித்த பொருளில் ஏற்கப்பட்டதாகவும் கூறவியலாது. அமெரிக்க சமோவாவின் பொருளாதாரம் பாகோ பாகோவிலுள்ள சூரைமீன் பதனிடும் ஆலையைப் பெரிதும் சார்ந்துள்ளது. கடற்காப்பக விரிவாக்கத்தை அத்தீவின் அரசு எதிர்த்தது. பாதுகாப்பின் பயன் உலகுக்கும் சுமை தமக்கும் என்பது அவர்தம் வாதம். ஹவாயில் விரிவாக்கத்தை ஆதரித்தோரும், சமோவாவில் எதிர்த்தோரும் கடலோடு தமக்குள்ள தலைமுறை உறவையே முன்வைத்தனர். இம்முரணைப் பகைமையாகக் காட்டுவது எளிது. உண்மையில் அது பெயருக்குள் அடங்காது வெளியே நின்ற உரையாடல். ‘மரபு’ என்னும் ஒற்றைச் சொல் அதனை முடிந்துபோனதாகத் தோன்றச் செய்கிறது.

எல்லை விரிவு: எவர் அளவுகோல்?

2014-ஆம் ஆண்டு விரிவாக்கம் வேக், ஜார்விஸ், ஜான்ஸ்டன் ஆகிய மூன்றனைச் சுற்றி 50 கடல் மைல் எல்லையை 200 கடல் மைலுக்கு நகர்த்தியது. ஏனைய நான்கிலும் 50 கடல் மைல் எல்லையே நீடித்தது. 2023-ஆம் ஆண்டு முன்மொழிவு அவற்றையும் 200-க்குக் கொண்டுசெல்லக் கருதியது. 200 கடல் மைல் என்பது பன்னாட்டுக் கடற்சட்டம் வகுத்த தனிப் பொருளாதார மண்டலத்தின் அளவு. மீன்வளத்தின் மீதும் கடலடிக் கனிமங்களின் மீதும் கரைநாட்டுக்குள்ள உரிமையை வரையறுக்கப் பிறந்த கோடு அது. மரபின் பெயரால் காக்கப்படும் பரப்பு, பொருளாதார உரிமையின் கோட்டில் முடிகிறது.

சூழலியல் நோக்கில் விரிவாக்கத்துக்கு வலுவான ஏதுக்கள் உள்ளன. கடற்பறவைகள் இரைதேடப் பறக்கும் தூரமும், சூரை, சுறா முதலியவற்றின் நடமாட்டமும் 50 கடல் மைலுக்குள் அடங்குவன அல்ல. கடலில் மூழ்கிய மலைகளின் உயிர்ச்செறிவும் கரையிலிருந்து வெகுதொலைவில் உள்ளது. பறவையின் வழியே தீவை அளந்த கடலோடியின் அறிவும் இவ்வேதுக்களும் இங்கு ஒத்துச் செல்வது கருதத்தக்கது. ஆயினும் பறவை கிரிபாட்டியின் எல்லைக்கோட்டில் திரும்பிவிடுவதில்லை. மரபு எல்லை கடந்தது என ஏற்றுக்கொள்ளும் ஓர் அரசு, அம்மரபுக்குரிய அண்டை நாட்டாருடன் பொறுப்பைப் பகிரும் வழியையும் காணவேண்டும். விரிவாக்க முன்மொழிவைப் பரப்பளவால் மட்டும் மதிப்பிடுவோர் இக்குறையைக் காணத் தவறுகின்றனர்.

பெயரின் சோதனை

புதிய பெயரின் வலிமை சில மாதங்களுக்குள் சோதனைக்குள்ளாயிற்று. 2025 ஏப்ரல் 17-இல் குடியரசுத் தலைவர் டொனால்ட் டிரம்ப் வெளியிட்ட பிரகடனம், 50 முதல் 200 கடல் மைல் வரையிலான பரப்பில் வணிக மீன்பிடிப்புக்கு வழிதிறந்தது. அதாவது 2014-இல் சேர்க்கப்பட்ட பரப்பிலிருந்து காப்பின் முதன்மைக் கூறு விலக்கப்பட்டது. அதே ஆண்டு ஆகஸ்டில் ஹவாயிலுள்ள கூட்டரசு நீதிமன்றம், முறையான விதியாக்க நடைமுறையைப் பின்பற்றாது மீன்பிடிப்பை அனுமதித்தது செல்லாது எனத் தீர்ப்பளித்தது.

மக்களின் கருத்தைக் கேட்டபின்னரே விதியை மாற்ற வேண்டும் என்னும் நடைமுறையே இத்தீர்ப்பின் அடிப்படை. கடலை அப்போதைக்குக் காத்தது பெயரிலுள்ள ‘மரபு’ அன்று. கருத்துரைக்கும் உரிமையை உறுதிசெய்த பொதுச் சட்டம். அவ்வுரிமை தீவு மக்களுக்கென வகுக்கப்பட்டதும் அன்று. எல்லாக் குடிமக்களுக்கும் உரியது. ஒரு பிரகடனம் அளித்ததை மற்றொரு பிரகடனம் எடுக்கக்கூடும் என்னும் நிலையில், இரண்டுக்கும் இடையே நிற்கும் பெயர் எத்துணை மதிப்புடையதாயினும் தனித்து ஒன்றும் செய்ய இயலாது.

பாப்பஹானௌமொக்குவாக்கேயாவையும் ஒரு பிரகடனம் தீண்டக்கூடும். அதுவும் அதே தொல்பொருட் சட்டத்தின் படைப்பே. ஆனால் அங்கே பெயருக்குப் பின்னே இணை அறங்காவலர் உண்டு. மேலாண்மை வழிகாட்டி உண்டு. அப்பெயரைத் தம் மொழியில் நாளும் ஒலிப்போர் உண்டு. ஆதலின் அக்காப்பை நீக்க முனைவார் ஒரு சொல்லை மட்டுமன்றி ஓர் அமைப்பையே எதிர்கொள்ள நேரும்.

முடிவுரை

மேற்கண்ட ஆய்வால் மூன்று முடிவுகள் பெறப்படுகின்றன. ‘தொலைதூரம்’ என்னும் பெயர் தீவுகளைப் பற்றிய செய்தியைக் காட்டிலும் பெயரிட்டவரின் இருப்பிடத்தையே மிகுதியும் தெரிவித்தது. அதனை நீக்கியது சரியானதே. ‘மரபு’ என்னும் பெயர் திசையை மாற்றியது. ஆனால் பொதுப்பெயராக நின்றமையால் எவரையும் பொறுப்பாளராக்கவில்லை. எல்லை விரிவாக்கம் சூழலியல் நோக்கில் வேண்டப்படுவதே. ஆயினும் மரபின் அளவுகோலால் அளக்கப்படாமல் பொருளாதார மண்டலத்தின் அளவுகோலால் அளக்கப்பட்டமையின், மரபுக்குரிய மக்களுள் சிலரை எல்லைக்கு வெளியேயும் சிலரை எதிரணியிலும் நிறுத்தியது.

இனி இக்கடற்பரப்பு குறித்து எழும் எம்முயற்சியும் பெயரிலிருந்து தொடங்குதல் தகும். பெயரோடு முடிதல் தகாது. வேக் தீவை ஆனென் கியோ என அரசு ஆவணம் அழைக்கும் நாளில், அத்தீவைப் பற்றி முடிவெடுக்கும் அவையில் மார்ஷல் தீவு மக்களுக்கும் ஓர் இருக்கை இருத்தல் வேண்டும். அவ்விருக்கை இல்லாதவரை, அச்சிறப்புப்பெயரும் தீவைக் கடந்துசென்ற கப்பல்களின் பெயர்களைப் போல ஓர் இடுகுறியாகவே எஞ்சும்.